புதர் மண்டிய கால்வாய்க் கரையில் படகுத்துறை அமைத்தல்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் என்னும் ஒடுங்கிய நீண்ட படகொன்றை வாங்கி, அதைத் தம் தோட்டத்தின் கோடியிலோ, குத்தகைக்கு எடுத்த வயலின் ஓரத்திலோ நிரந்தரமாகக் கட்டி வைக்க விரும்புகிறவர், முதல் நாள் அந்தக் கரையில் போய் நின்றதும், கண்ணெதிரே ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் முட்புதரையும் நீரின்மேல் சாய்ந்து நிற்கும் மரங்களையும் அடியோடு அழித்துத் தரைமட்டமாக்கிவிட வேண்டும் என்றே எண்ணுவார். இந்த அத்தியாயத்தில் கூறப்படும் முறை அதற்கு நேர்மாறானது. படகுக்கும் அதில் ஏறி இறங்கும் மனிதருக்கும் எவ்வளவு இடம் அவசியமோ அவ்வளவை மட்டும் வெட்டி, மற்றதை இருந்தபடியே விட்டுவிட வேண்டும்.

அதற்குக் காரணம், கால்வாய் என்பது ஆறு அன்று என்பதே. 1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை அமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி காலந்தொட்டு, நீர் கசியக்கூடிய நிலங்களில் எல்லாம் கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் நன்கு பிசைந்து மிதித்த களிமண்ணை ஒரு கனத்த பூச்சாக இட்டே அதில் நீரைத் தேக்கினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் களிமண்ணைப் படகுகள் எழுப்பும் அலையில் கரையாமல் காத்து நிற்பவற்றுள் கரையோர நாணலும் ஆல்டர், வில்லோ மரங்களின் வேர்களும் முக்கியமானவை. அவற்றைப் பிடுங்கி எறிந்தவர் அடுத்த மழைக்காலத்தில் தம் கரை சரிந்து நீருக்குள் இறங்குவதைப் பார்க்க நேரும். தத்துவம் இவ்வளவு போதும். இனிக் காரியத்துக்கு வருவோம்.

வெட்டுமுன் பெற வேண்டிய அநுமதிகள்

கரை உங்களுடைய நிலமாகவே இருந்தாலும், கால்வாயின் நீரும் அடித்தளமும் பெரும்பாலும் உங்களுடையவை அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை நிர்வகித்து வருகிறது. வேறு நிர்வாகங்களின் கீழும், பிரிட்ஜ்வாட்டரைப் போலத் தனியார் வசத்திலும் இருக்கும் கால்வாய்கள் உண்டாகையால், உங்கள் கால்வாய் யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டக்கோடித் துறை பொதுவாக, முற்காலத்தில் குதிரைகள் படகை இழுத்து நடந்த டோபாத் என்னும் பாதைக்கு எதிர்ப்புறக் கரையிலேயே அமையும். அதற்கு எழுத்து மூலமான அநுமதியும் வருடாந்தரக் கட்டணமும் உண்டு. பாலம், படகுகளை ஏற்றியிறக்கும் லாக், கூரிய வளைவு, படகுகள் திரும்புவதற்காக அகலப்படுத்திய இடம் ஆகியவற்றின் அருகில் துறை கேட்பது வீண், கிடைக்காது.

இந்த அநுமதியைப் பெறுவதற்கு முன்பே வெட்டத் தொடங்குவோர் பலர். கரை சுத்தமாயிருந்தால் அதிகாரி மனமிரங்குவார் என்பது அவர்கள் எண்ணம். வருகிற அதிகாரியோ, வெட்டப்பட்ட மரத்தையும் குலைந்த கரையையும் கண்டு, விண்ணப்பத்தை முன்னிலும் அதிகச் சந்தேகத்தோடுதான் பரிசீலிப்பார்.

மரங்களின் விஷயம் தனி. உள்ளூராட்சி மன்றம் குறிப்பிட்ட மரங்களுக்குப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்திருக்கலாம். அவ்வாறான மரத்தின் ஒரு கிளையைத் தொடவும் மன்றத்தின் சம்மதம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் உங்கள் நிலம் அடங்கியிருந்தால், ஆணை இல்லாத மரத்தை வெட்டுவதற்கும் ஆறு வாரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். சில கால்வாய்களின் முழு நீளமுமே அப்படிப்பட்ட வட்டாரமாக இருப்பதால், இதை விசாரிக்காமல் விடாதீர்கள்.

பார்ப்பது கோடையில், வெட்டுவது குளிரில்

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். உபயோகத்தில் இருக்கும் கூட்டையும், கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கூட்டையும் சேதப்படுத்துவது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். ஆகவே வெட்டும் வேலை அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையே நடக்க வேண்டும். ஆனால் இலை உதிர்ந்த பின் எது என்ன செடி என்று அடையாளம் காண்பது புதியவருக்குக் கடினமாகையால், கரையைப் பரிசோதிக்கும் வேலையை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே முடித்து, அபாயமான செடிகள் நிற்கும் இடங்களில் வர்ணம் பூசிய குச்சிகளை நட்டு வைப்பதே புத்திசாலித்தனம். பெரும்பாலோர் டிசம்பரில்தான் முதல் தடவையாகக் கரைக்கு வருகிறார்கள். காய்ந்த பழுப்புத் தண்டுகளைக் கண்டு, ஏதோ மூங்கில் என்று எண்ணி வெட்டிச் சாய்க்கிறார்கள். அதன் விளைவைக் கீழே காண்க.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய செடிகள்

*ஜப்பானிய நாட்வீட்.* உள்ளே கூடான, கணுக்கள் கொண்ட, ஊதாப் புள்ளிகள் தெளித்த தண்டு. கேடய வடிவான இலை. கோடை முடிவில் வெண்ணிறப் பூங்கொத்து. விரல் நுனியளவு வேர்த்தண்டு மண்ணில் கிடந்தாலும் முளைத்துவிடும். இதை வெட்டும் இயந்திரத்தால் அடித்தீர்களானால், ஒரு புதரை நூறு புதர்களாக்கி, அவற்றில் பாதியைக் கால்வாய் வழியே அண்டை அயலாருக்கும் அனுப்பியவர் ஆவீர்கள். தண்டும் அது வளர்ந்த மண்ணும் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. கயிறு கட்டி அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, இதற்கென்றே உள்ள தொழிலாளரை அழையுங்கள். நீரருகில் களைக்கொல்லி தெளிப்பதற்கு என்விரான்மென்ட் ஏஜென்சியின் சம்மதம் தேவை என்பதால், கடையில் வாங்கிய புட்டியோடு நீங்களே இறங்கிவிட வேண்டாம்.

*ராட்சச ஹாக்வீட்.* குடை விரித்தாற்போன்ற வெண்பூவோடு ஆளை மிஞ்சி வளர்வது. இதன் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தீப்புண் போன்ற கொப்புளங்கள் எழும். அந்த இடம் ஆண்டுக்கணக்கில் வெயிலைத் தாங்காமல் போவதும் உண்டு. பட்டுவிட்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அந்த இடத்தை மூடி, வைத்தியரிடம் செல்லுங்கள்.

*இமாலய பால்சம்.* நம் வீட்டுக் காசித்தும்பைக்கு நெருங்கிய உறவு. 1839-இல் அலங்காரச் செடியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நீர்நிலை ஓரமெல்லாம் பரவிக் கிடக்கிறது. முற்றிய காயைத் தொட்டதும் விதைகள் பல அடி தூரம் தெறிக்கும். வேர் ஆழமற்றது என்பதால், பூத்து விதைப்பதற்குள் கையாலேயே பிடுங்கிவிடலாம். செடிகளை அகற்றும் வேலைகளுள் கோடையில் செய்யத்தக்கது இது ஒன்றுதான். அப்போதும் அருகில் கூடு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரினங்களின் அடையாளங்கள்

நீர்மட்டத்தை ஒட்டி, உயரத்தைவிட அகலம் சற்று மிகுந்த, நான்கு முதல் எட்டு சென்டிமீட்டர் அளவுள்ள வளைகள் தெரிகின்றனவா? அவற்றின் வாயிலில் புல் கத்தரித்தாற்போல் குட்டையாக மேயப்பட்டிருக்கிறதா? பக்கத்தில் நாணல் துண்டுகள், கத்தியால் சரிவாகச் சீவியவைபோல நுனி வெட்டுண்டு சிறு குவியலாகக் கிடக்கின்றனவா? இவை வாட்டர் வோல் என்னும் நீரெலியின் அடையாளங்கள். இப்பிராணிக்கும் அதன் வளைக்கும் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு. சாதாரண எலி என்று நினைத்து அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட வேண்டாம். வேலையை நிறுத்தி, வனவுயிர் அறிந்த நிபுணரை அழையுங்கள். செங்குத்தான மண்சுவரில் ஒற்றைத் துளை இருந்தால் அது மீன்கொத்தியின் கூடாக இருக்கலாம். பொந்துள்ள முதிய மரத்தில் வௌவால் குடியிருக்கலாம். இவ்விரண்டுக்கும் இதே விதி.

ஆழம் பார்த்தல்

கரையை வெட்டி முடித்த பிறகுதான் படகு அங்கே நிற்கவே முடியாது என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். படகின் அடிப்பாகம் நீரில் இரண்டு முதல் இரண்டரை அடி வரை அமிழும். கால்வாயின் நடுவில் போதிய ஆழம் இருந்தாலும் ஓரத்தில் சேறு மேடிட்டிருக்கும். அடிக்கணக்கைக் கோடிட்டுக் குறித்த நீண்ட கழியால், துறையின் முழு நீளத்துக்கும், கரையிலிருந்து ஏழடி தூரம் வரையிலும், ஓரடிக்கு ஓரிடமாகக் குத்திப் பாருங்கள். கழி மெத்தென்று இறங்கினால் சேறு. கடகடவென்று தட்டினால் கல் அல்லது பழைய இரும்பு. ஷ்ராப்ஷைர் யூனியன் கால்வாயில் பல இடங்களில் கரையை ஒட்டி நீருக்கடியில் ஒரு கல் விளிம்பு நீண்டிருக்கும். அங்கே படகைக் கரையோடு அணைத்துக் கட்ட இயலாதாகையால், படகுக்காரர்கள் சிறு தள்ளுவண்டிச் சக்கரங்களை இடையில் தொங்கவிட்டு இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். உங்கள் கழி சொல்லும் செய்தியைப் பொறுத்தே அடுத்து எவ்வளவு வெட்டுவது என்பது இருக்கிறது.

உடையும் உபகரணமும்

தடித்த தோல் கையுறை, கண் கவசம், இரும்பு முனையுள்ள பூட்ஸ், நீரோரத்தில் நிற்பவருக்குத் தானே ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கி, கரையில் ஒரு எறிகயிறு. கண் கவசத்தை வேண்டாமென்று ஒதுக்குகிறவர்கள் ஹாத்தார்ன் முள்ளின் ஸ்வபாவம் அறியாதவர்கள். வளைத்துப் பிடித்த கிளை கைநழுவினால் அது நேராக முகத்துக்கே வருகிறது. வெட்டுவதற்கு வளைந்த கொடுவாள், நீண்ட கைப்பிடியுள்ள கிளைக்கத்தரி, வில் ரம்பம், வைக்கோல் வாரும் கவை, நீரடியில் துழாவ நீண்ட காம்புள்ள வாருகோல் ஆகியவை போதும். சங்கிலி ரம்பத்தை முறையான பயிற்சியும் அதற்குரிய காப்புடையும் இல்லாதவர் தொடவே கூடாது. பயிற்சி உள்ளவரும் படகில் நின்றோ ஏணியில் நின்றோ அதை இயக்கக் கூடாது. 1964-இல் மீண்டும் திறக்கப்பட்ட ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதியைத் தன்னார்வலர்களும் சிறைக் கைதிகளும் சேர்ந்து மீட்டார்கள் என்பதை நினைத்தால், ஒரு படகின் நீளமே உள்ள நம்முடைய கரைக்குக் கைக்கருவி போதாது என்று சொல்ல மனம் வரவில்லை.

வெட்டும் வரிசை

1. தனியாக ஒருபோதும் வேலை செய்யாதீர்கள். ஒருவர் வெட்டும்போது மற்றவர் எறிகயிறு இருக்கும் இடத்தை விட்டு விலகலாகாது. இருவருக்கும் இடையே கொடுவாள் வீச்சைவிட இரண்டு மடங்கு தூரம் இருக்கட்டும்.

2. படகின் நீளத்துக்கு முன்னும் பின்னும் கட்டுக்கயிறு சாய்வாகச் செல்வதற்குச் சில அடி சேர்த்து, எல்லையைக் கயிறு கட்டி அடையாளமிடுங்கள். அந்தக் கயிற்றுக்கு அப்பால் ஒரு கிளையும் வெட்டப்படாது என்று உங்களுக்குள்ளேயே பிரதிக்ஞை செய்துகொள்ளுங்கள். வெட்டும் உற்சாகம் பொல்லாதது.

3. நிலத்தின் பக்கமிருந்து நீரை நோக்கி, நடந்துபோகத்தக்க ஒரு பாதையை முதலில் வெட்டுங்கள். வழுக்கினால் ஓடி வரவும், அடிபட்டவரைத் தூக்கிச் செல்லவும் வழியில்லாத இடத்தில் வேலை தொடங்குவது தவறு.

4. பிராம்பிள் என்னும் முட்கொடியை இரண்டு தவணையில் வெட்டுங்கள். முதலில் முழங்கால் உயரத்தில் வெட்டி, கொடிகளைக் கவையால் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அப்புறப்படுத்தி, நிற்கும் தண்டுகளைப் பிறகு தரையோடு அரியுங்கள். மேட்டு நிலத்தில் இதன் வேர்க்கிழங்கைத் தோண்டி எடுக்கலாம். நீரோரத்து நான்கடிக்குள் தோண்டாதீர்கள்.

5. நீரை நெருங்கியதும், ஒவ்வோர் அடி வைக்குமுன்னும் கழியால் தரையைக் குத்திப் பாருங்கள். இந்த ஓர் எச்சரிக்கையை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிராம்பிள் கொடி வில்லாக வளைந்து நுனி தொட்ட இடத்தில் வேரூன்றும் இயல்புடையது. ஆண்டுகள் பல சென்றபின், கொடியும் உதிர்ந்த இலையும் புல்லும் சேர்ந்து கரையின் விளிம்பைத் தாண்டி நீரின்மேல் ஒரு பொய்த்தரை உண்டாகிவிடும். பார்வைக்கு அது திடமான மண். காலை வைத்தால் இடுப்பளவு நீர், அதன் கீழே சேறு, சுற்றிலும் முள். ஜனவரி மாதத்து நீரின் குளிர் மூச்சைத் திணறச் செய்யும் என்பதையும், சேற்றில் புதைந்த பூட்ஸைப் பிடுங்கித் தானே கரையேறுவது எளிதன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

6. ஹாத்தார்ன், எல்டர் முதலிய சிறு மரங்களை வெட்டும்போது தூரைத் தரையோடு தரையாக, சமமாக அறுத்து விடுங்கள். சாய்வாக வெட்டி விட்ட தூர் ஈட்டி முனைபோல் நிற்கும். வழுக்கி விழுகிறவருக்கு அதுவே எமன். வேரைப் பிடுங்க வேண்டாம்.

7. நீரின்மேல் சாய்ந்த வில்லோவை ஒரே வெட்டில் சாய்க்க முயலாதீர்கள். சாய்ந்த மரத்தின் தண்டு தன் பாரத்தாலேயே இறுகி நிற்பதால், பாதி அறுபட்டதும் நெடுக்கே பிளந்து, அடிப்பகுதி வெட்டுகிறவரின் மார்பை நோக்கி மேலெழும்பக்கூடும். நுனிக் கிளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாரத்தை இறக்குங்கள். ஒவ்வொரு கிளைக்கும் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, பிறகு மேற்புறத்திலிருந்து அறுங்கள். அறுக்குமுன் கிளையில் கயிறு கட்டி, கரையில் உறுதியான மரத்தில் சுற்றிவிடுங்கள். அவ்வாறு செய்யாவிட்டால் கிளை மிதந்து சென்று கால்வாயின் குறுக்கே படுத்து, வரும் படகுகளைத் தடுக்கும். கைக்கெட்டாத பெரிய வில்லோவுக்கு மரத்தொழிலாளரை அமர்த்துவதே சிக்கனம். மின்கம்பி மேலே சென்றால், மின்சாரக் கம்பெனியிடம் பேசாமல் ஒரு குச்சியும் ஒடிக்காதீர்கள்.

8. ஆல்டர் மரம் நேராக நின்று, படகின் கூரையைத் தொடாமல் இருந்தால், அதை வெட்டவே வேண்டாம்.

9. நாணல் ஓரத்தைப் பூரணமாக நீக்காதீர்கள். படகின் முன்கதவும் பின்கதவும் வரும் இடங்களில் கால் வைத்து இறங்க நாலடி அகலம் திறந்தால் போதும். இடைப்பட்ட நாணல் படகின் எஃகுப் பக்கத்தை ஒன்றும் செய்வதில்லை. வர்ணத்தைக் கீறுவது மரக்கிளைதான்.

நீருக்கடியில்

கரையின் மேலிருந்தபடியே நீண்ட வாருகோலால் அடியைத் துழாவுங்கள். சைக்கிள், கடைத் தள்ளுவண்டி, முள்வேலிக் கம்பிச் சுருள் ஆகியவை ஆங்கிலக் கால்வாயின் நிரந்தரவாசிகள். கம்பிச் சுருள் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டால் ஒரு பகல் போய்விடும். இதற்காக நீரில் இறங்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஓடு ஒரு புறமிருக்க, எலியின் சிறுநீரால் நீரில் பரவும் வைல்ஸ் நோய் என்னும் காய்ச்சலின் கிருமி, கையிலுள்ள சிறு கீறலின் வழியாகவும் உடம்புக்குள் புகும். கீறல்களை நீர் புகாத பட்டையால் மூடி, உண்பதற்குமுன் கைகழுவி, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் தசைவலியும் தலைவலியும் கண்டால், கால்வாயில் வேலை செய்த செய்தியை வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். மேடிட்ட சேற்றை நீங்களே வாரிக் கரையில் கொட்டவும் கூடாது. தொழிற்சாலைகளின் கழிவு படிந்த சேறாக அது இருக்கலாம்; தூர்வாருதல் நிர்வாகத்தின் அநுமதியோடு நடக்க வேண்டிய காரியம்.

வெட்டியதை என்ன செய்வது

ஓர் இலையைக்கூடக் கால்வாயில் தள்ளாதீர்கள். அழுகும் தழை நீரின் பிராணவாயுவைக் குறைக்கும். மிதக்கும் கிளை லாக்கின் மதகில் சிக்கும். தடித்த கட்டைகளை நிலத்தின் ஒரு மூலையில் குவித்து வைத்தால் வண்டினங்களுக்கு வீடாகும். உலர்ந்தபின் படகின் அடுப்புக்கும் ஆகும். முட்குவியலை எரிக்க நேர்ந்தால், படகுகளுக்கும் மரங்களுக்கும் எட்டத்தில், எரிக்கும் அன்றைக்கே குவியலை வேறிடத்துக்கு மாற்றி அடுக்கி எரியுங்கள். பழைய குவியலுக்குள் முள்ளெலி குளிர்கால உறக்கத்தில் இருக்கக்கூடும்.

படகைக் கட்டுதல்

இவ்வளவு ஜாக்கிரதையாகக் கரையைக் காத்தவரும் இறுதியில் தவறு செய்வது இங்கேதான். உறுதிக்கு ஆசைப்பட்டு, ஆறடி இரும்புக் குழாயை நீரோரத்தில் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார். அது களிமண் பூச்சைத் துளைத்துக்கொண்டு போகிறது. நீர் அதன் வழியே கசிந்து, கரையின் பின்புறத்து வயலில் ஊற்றெடுக்கிறது. கால்வாய் தரைமட்டத்துக்கு மேலாக உயர்ந்த மண்கரையில் செல்லும் இடமானால் இது கரையையே உடைத்துவிடும். நிரந்தரக் கட்டுத்தூண்களை எங்கே, எவ்வளவு ஆழத்தில் நடுவது என்பதை நிர்வாகத்தின் பொறியாளரிடம் கேட்டே நடுங்கள். தூண் நீர்விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியே இருக்கட்டும்.

படகைக் கொண்டுவந்து அணைத்த முதல் நாளில் செய்ய வேண்டியவை:

1. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே விசிறியின் மேலுள்ள திறப்பின் மூடியை அகற்றி, தழையோ கம்பியோ சுற்றியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அந்த மூடியைத் திரும்பப் பொருத்தி இறுக்காமல் எஞ்சினை ஓட்டினால், விசிறி தள்ளும் நீர் படகுக்குள் புகுந்து, கட்டிய இடத்திலேயே படகு மூழ்கிப்போகும்.

2. முன்னும் பின்னும் கட்டும் கயிறுகளோடு, எதிரெதிர்ச் சாய்வாக இரண்டு கயிறுகளும் சேர்த்துக் கட்டுங்கள். கடந்துசெல்லும் படகுகளின் நீரிழுப்பால் உங்கள் படகு முன்னும் பின்னும் ஓடி, நீங்கள் காத்த நாணலை அரைத்துத் தள்ளாமல் அவை தடுக்கும்.

3. படகு அசையும்போது, கரைக்கும் படகுக்கும் இடையே காலையோ கையையோ நுழைத்து அதை நிறுத்த எத்தனிக்காதீர்கள். பதினைந்து டன் எஃகுக்கு உங்கள் எலும்பு பொருட்டன்று.

வெட்டிய வில்லோத் தூர்கள் வரும் வசந்தத்திலேயே துளிர்க்கும். ஒரே பருவத்தில் ஆளுயரம் ஓங்கும். ஆண்டுதோறும் அக்டோபரில் அந்தப் பசுந்தண்டுகளைக் கத்தரியால் அரிந்துவந்தால் போதும், பிராம்பிளுக்கும் அப்படியே. நாட்வீட் நின்ற இடத்தில் மட்டும், தொழிலாளர் வந்து போன பிறகும் சில ஆண்டுகள் வரை வசந்தத்தில் குனிந்து பார்த்து, செந்நிற முளை தென்பட்டால் அவர்களுக்கே சொல்லி அனுப்புங்கள்.